சேதுபதி வீட்டுப் பிள்ளைகள்: 19ஆம் நூற்றாண்டு வம்சாவளியைச் சரிபார்ப்பது எப்படி?

சேதுக்கரை:
இராமநாதபுரம் ஜமீன் வம்சாவளியை 1803 முதல் 1903 வரை பிள்ளை பிள்ளையாக எடுத்துச் சரிபார்க்க வேண்டும். இணையத்தில் சுற்றுகிற பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றில் பாண்டித்துரைத் தேவர் பாஸ்கர சேதுபதிக்கு உடன்பிறந்தவர். இன்னொன்றில் துரைராஜா என்று ஒரு மகன், அவருக்கு முன்னும் பின்னும் எதுவுமே இல்லை. மூன்றாவதில் முத்துராமலிங்க சேதுபதி என்று ஒரே ஆள், நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தவர் போல நிற்கிறார். எந்த ஆவணத்தை முதலில் எடுப்பது, எதை எவ்வளவு நம்புவது? விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பிய கதை எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே இழுக்க வேண்டாம். பிறப்பு, தத்து, இறப்பு மட்டும் போதும்.

பசலி1278:
ஆவணத்துக்குப் போகும் முன் எலும்புக்கூட்டை நிறுத்திக்கொள்ளுங்கள். 1795இல் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தார்கள். 1803இல் நிரந்தர ஜமீன் சன்னது (உரிமைப் பத்திரம்) அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியார் பெயரில் வந்தது. அவர் 1807இல் காலமானார். அவர் தத்தெடுத்தவர் அண்ணாசாமி சேதுபதி. அவருக்குப் பின் ராமசாமி சேதுபதி, அவரும் தத்துதான். ராமசாமி 1830இல் இறந்தபோது மனைவி பர்வதவர்த்தனி நாச்சியாரும் இரண்டு சிறுபெண்களும் மிஞ்சினார்கள்: மங்களேஸ்வரி, துரைராஜ நாச்சியார். இரண்டு பெண்களும் சந்ததியில்லாமல் போனார்கள். 1847இல் பர்வதவர்த்தனி நாச்சியார் ஒரு பையனைத் தத்தெடுத்தார். அவர்தான் இரண்டாவது முத்துராமலிங்க சேதுபதி, 1873இல் இறந்தார். அவருடைய மக்கள் பாஸ்கர சேதுபதியும் (1868–1903) தினகரரும். பாஸ்கரரின் மகன் மறுபடியும் முத்துராமலிங்கம், ராஜராஜேஸ்வர சேதுபதி என்று அறியப்படுபவர்.

இதை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். சன்னது வந்த 1803இலிருந்து 1873 வரை ஒருமுறைகூட ஜமீன் தகப்பனிடமிருந்து அவர் பெற்ற மகனுக்குப் போகவில்லை. சகோதரி, தத்து, தத்து, பெண்மக்கள், விதவை, தத்து. அதற்குப் பிறகுதான் பெற்ற மகன் வருகிறார். ‘தந்தை – மகன்’ என்று ஒரே நேர்கோடாக இழுத்த மரம் எதுவானாலும், படித்தவுடன் ஒதுக்கிவிடலாம்.

உங்கள் இரண்டு குழப்பத்துக்கு இங்கேயே விடை இருக்கிறது. துரைராஜா மகன் அல்ல, பெண். பின்னொட்டான நாச்சியாரை யாரோ வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் நகலெடுத்திருக்கிறார்கள். நூறாண்டு வாழ்ந்த முத்துராமலிங்கம் மூன்று பேர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருக்கும் வீட்டில் இது வந்தே தீரும். மங்களேஸ்வரியும் இரண்டு பேர், அதையும் கவனியுங்கள்.

தாயாதி:
முதலில் எடுக்க வேண்டியது வழக்குக் கட்டு. 1847 தத்து செல்லாது, வாரிசில்லாத ஜமீன் அரசுக்கே சேரும் என்று மதுரைக் கலெக்டர் தரப்பு வாதாடியது. லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்பளித்தது. மூர் தொகுத்த இந்திய மேல்முறையீடுகள், 12ஆம் தொகுதி, பக்கம் 397. கணவன் அனுமதி தந்ததற்குச் சான்று இல்லாவிட்டாலும், சபிண்டர்களின் (கணவன் வழி நெருங்கிய உறவினர்களின்) சம்மதம் இருந்தால் திராவிட தேசத்தில் விதவை தத்தெடுக்கலாம் என்று அதில் நிலைநாட்டப்பட்டது. சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இது பழகிய வழக்கு. வம்சாவளி பார்ப்பவர்களுக்கு வேறு காரணத்துக்காக முக்கியம். சம்மதம் தரத் தகுதியான சபிண்டர்கள் யார் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததால், உறவுமுறை முழுதும் நீதிமன்றத்தில் கொட்டப்பட்டது. சண்டையில்லாத குடும்பத்தில் இவ்வளவு கிடைக்காது.

தேடும்போது ஒரு சங்கடம்: பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல். ‘முத்து’வை இரட்டை ஓ போட்டு ‘மூட்டூ’ என்று எழுதியிருப்பான், சேதுபதி ‘சாத்துபதி’ ஆகியிருக்கும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. தொகுதி எண், பக்க எண் வைத்துப் போவதே சுருக்கம்.

வில்லங்கம்:
தாயாதி சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. வழக்கில் இணைத்த வம்சாவளி ஒரு கட்சிக்காரனின் கோரிக்கை. தனக்குப் பாதகமான கிளையை வெட்டிவிட்டுத்தான் வக்கீலிடம் கொடுப்பான். இல்லாத பையனைச் சேர்ப்பதைவிட, இருந்த பெண்ணை விடுவதுதான் அதிகம். சொத்து தொடாத பெண்ணைப் பட்டியலில் சேர்ப்பதால் யாருக்கும் லாபமில்லை.

தாயாதி:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அளவுகோல் இருக்கிறது. வாதி கொடுத்த பட்டியல், பிரதிவாதி கொடுத்த பட்டியல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் உறுதி, ஏனென்றால் எதிரியே மறுக்கவில்லை. வேறுபடும் இடத்தில்தான் உங்கள் வேலை. தீர்ப்பின் தொடக்கத்தில் ‘ஒப்புக்கொள்ளப்பட்ட சங்கதிகள்’ என்று நீதிபதி சொல்லிவிட்டுப் போகும் பகுதி பெரும்பாலும் போதும்.

சாட்சிகளின் வாக்குமூலத்துக்கு வேறு விதி. 1872 சாட்சியச் சட்டத்தின் (2024 வரை நடைமுறையில் இருந்தது) 32ஆம் பிரிவு, 5, 6 உட்பிரிவுகளைப் பாருங்கள். இறந்துபோனவர் உறவுமுறை பற்றிச் சொன்னது ஏற்கப்படும், ஆனால் தகராறு கிளம்பும் முன்பு சொல்லியிருக்க வேண்டும். நீதிமன்றத்துக்காக எழுதிய விதி என்றாலும் வம்சாவளிக்கு இதைவிட நல்ல சல்லடை கிடையாது. ஒவ்வொரு ஆவணத்தின் ஓரத்திலும் ‘தகராறுக்கு முன்’, ‘தகராறுக்குப் பின்’ என்று குறித்துவிடுங்கள். 1847க்கு முந்தைய கடிதத்தில் ஒரு பிள்ளையின் பெயர் போகிற போக்கில் வந்திருந்தால், 1860களின் பத்து வாக்குமூலத்தைவிட அது கனமானது. சாட்சிகள் சொல்லும் வயதை மட்டும் நம்பாதீர்கள், ‘சுமார் 50’, ‘சுமார் 45’ என்று ஐந்தைந்தாகத்தான் விழும்.

பெண்கள் விடுபடுவதற்கு விதிவிலக்கும் வழக்கிலேயேதான் கிடைக்கும். 1795இல் இறக்கப்பட்ட சேதுபதிக்குச் சிவகாமி நாச்சியார் என்றொரு மகள் இருந்தது நமக்குத் தெரிவதே, அவர் அண்ணாசாமியின் உரிமையை எதிர்த்து வழக்காடியதால். சிவகங்கையில் கௌரி வல்லபத் தேவருக்கு மனைவியர் பலர், பெண்மக்கள் உண்டு. 1829இல் அவர் இறந்ததும் ஜமீன் அண்ணன் வழிக்குப் போனது. மகள் காத்தம நாச்சியார் விடாமல் பிரிவி கவுன்சில் வரை போய் 1863இல் வென்றார் (மூர், 9ஆம் தொகுதி). ஜமீன் தகப்பனின் சுயார்ஜிதம் (தானே ஈட்டிய சொத்து), ஆகவே பிரிந்துபோன பங்காளியைவிட விதவைக்கும் பிறகு மகளுக்குமே உரிமை என்பதுதான் சாரம். வழக்குப் போடாத பெண்களை எங்கே தேடுவது என்பது தனிக் கேள்வி.

ஓலைநறுக்கு:
தேதி மாற்றுவதில்தான் பாதி வம்சாவளிகள் கவிழ்கின்றன, அதைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ‘விபவ’ என்றால் 1808–09, 1868–69, 1928–29 மூன்றும் ஆகும். பாட்டனும் பேரனும் ஒரே பெயர், ஒரே வருடப் பெயர் என்றால் இரண்டு பேரும் ஒருவராகிவிடுவார்கள். கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றில் குறைந்தது இரண்டு கூட இருந்தால் எந்தச் சுற்று என்று தீர்த்துவிடலாம். சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணையில் மூன்று ஆண்டுக்கும் அந்த மாதத்தைப் பாருங்கள், சாதாரணமாக ஒன்றுதான் பொருந்தும். நட்சத்திரம் 27 நாளுக்கு ஒருமுறை வருவதால் ஒரே சூரிய மாதத்தில் இருமுறை விழலாம், அப்போது திதிதான் தீர்ப்புச் சொல்லும்.

அடுத்தது சித்திரை எல்லை. பாண்டித்துரைத் தேவர் பிறந்தது 21 மார்ச் 1867. ‘1867 = பிரபவ’ என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் தவறு. அது பங்குனி. பிரபவ பிறப்பது அந்த ஏப்ரலில். ஆகவே அவர் அட்சய வருடப் பங்குனியில் பிறந்தவர். பாஸ்கர சேதுபதி பிறந்த 3 அக்டோபர் 1868 விபவ வருடப் புரட்டாசி, அதில் சிக்கலில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை பிறந்த, இறந்த தேதிகளை மட்டும் தனியாக எடுத்து மறுபடி சரிபாருங்கள்.

ஜமீன் கணக்கில் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டு, வரும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம்: பசலி 1278 என்பது 1 ஜூலை 1868 முதல் 30 ஜூன் 1869 வரை. ஜனவரியிலிருந்து ஜூன் வரையான உள்ளீட்டுக்கு 591 கூட்ட வேண்டும். 1855க்கு முன் சென்னை மாகாணப் பசலி ஜூலை 1இல் அல்ல, ஆடிப் பிறப்பை ஒட்டித் தொடங்கியது. ஆகவே பழைய கணக்கில் ஜூலை முதல் பன்னிரண்டு நாள் உள்ளீடு எந்தப் பசலி என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி வட்டார உறவுகள் வந்தால் கொல்லம் ஆண்டு சேரும், ஆவணியில் தொடங்கும், 824 அல்லது 825 கூட்டல்.

சேதுக்கரை:
அருமை. மூன்று கேள்விகள். ஒன்று, பாண்டித்துரை – பாஸ்கரர் உறவு. இரண்டு, குழந்தையிலேயே இறந்தவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது. மூன்று, பாஸ்கரருடைய பிறந்த வருடத்துக்குக் குறுக்குச் சான்று உண்டா? மேல்நாட்டு வம்சாவளி நூல்கள் எல்லாம் மக்கள்தொகைக் கணக்கைப் பார் என்கின்றன.

பசலி1278:
கணக்கெடுப்பை மறந்துவிடுங்கள். மாகாணம் முழுதும் முறையாக எடுத்த முதல் கணக்கு 1871, ஆனால் வீட்டுவாரிப் பெயர்ப்பட்டியல் நம் கைக்கு வராது, தொகைகள் மட்டும்தான். பிறப்பு – இறப்புப் பதிவும் அப்படியே. மாகாணத்துக்கான சட்டம் 1899இல்தான் வந்தது.

பாஸ்கரர் வருடத்துக்குக் குறுக்குச் சான்று உண்டு. தகப்பனார் 1873இல் இறந்தபோது வாரிசு ஐந்து வயதுச் சிறுவன், அதனால் எஸ்டேட் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் (வயது வராத வாரிசுகளின் எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்ட அரசு அமைப்பு) கைக்குப் போனது. 1875 மேஜர் சட்டப்படி அன்று பொதுவாக 18 வயது, அந்த அமைப்பின் பொறுப்பில் வார்டாக இருந்தால் 21. எஸ்டேட்டை அவரிடம் ஒப்படைத்தது 1889. 21ஐக் கழித்தால் 1868. இதே கணக்கை வேறு ஜமீன் பிள்ளைகளுக்கும் போடலாம், கோட்டை அரசிதழில் (சென்னை அரசின் கெஜட்) பொறுப்பேற்ற அறிவிப்பு, திருப்பி ஒப்படைத்த அறிவிப்பு இரண்டையும் பிடித்தால் போதும். ஆனால் 1875க்கு முன் 21ஐக் கழிக்காதீர்கள், மூன்று வருடம் பின்னால் போய்விடுவீர்கள்.

வார்ட்ஸ் கோப்புகளில் இன்னொரு வரவு: ஆசிரியர் சம்பளம், வைத்தியச் செலவு, சகோதர சகோதரிகளின் சீவனாம்சம், கல்யாணச் செலவுக்கு அனுமதி. பெண்பிள்ளைகள் பெயர் வரிசையாக வரும் இடம் இதுதான். செலவு கேட்டு எழுதிய கடிதத்தில் ஆளை ஒளிக்க முடியாது. பாகம் பிரிக்க முடியாத ஜமீன் என்பதால் மூத்தவருக்குப் பட்டம், மற்றவர்களுக்குச் சீவனாம்சம். ஆகவே சீவனாம்சப் பட்டியல் என்பதே பட்டத்துக்கு வராத பிள்ளைகளின் பட்டியல். அபிமான ஸ்திரீகளின் (மணம் செய்யாத துணைவியரின்) பிள்ளைகளும் அதில் கலந்திருப்பார்கள். தொகையின் வேற்றுமையையும், யாருக்கு எந்தப் பட்டப்பெயர் போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துப் பிரியுங்கள். தொகை மட்டும் வைத்து முடிவு செய்வது ஆபத்து.

தாயாதி:
பாண்டித்துரை விஷயம். 1847இல் தத்துக்கு வந்த முத்துராமலிங்கத்தின் உடன்பிறந்த அண்ணன் பொன்னுசாமித் தேவர். சமஸ்தான நிர்வாகத்தைப் பார்த்தவர், ஆறுமுக நாவலர் பதிப்பித்த பரிமேலழகர் உரைக்குப் பொருளுதவி செய்தவர். அவருடைய மகன் பாண்டித்துரை, இயற்பெயர் உக்கிரபாண்டியன், பாலவநத்தம் ஜமீன்தார், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவர். ஆக, இரத்தத்தில் பாஸ்கரரும் பாண்டித்துரையும் பெரியப்பா – சித்தப்பா மக்கள். சட்டத்தில் தத்துப் போனவன் பிறந்த வீட்டை விட்டு நீங்கிவிடுகிறான், அதனால் சேதுபதி வம்சத்தில் பாண்டித்துரைக்கு இடமில்லை. ‘உடன்பிறந்தவர்’ என்ற பதிவு ஒருவேளை ‘சகோதரர்’ என்று மரியாதையாகச் சொன்னதிலிருந்து வந்திருக்கலாம். சித்தப்பா மகனைத் தம்பி என்பது நம் வழக்கம்தானே.

ஒரு பொதுக்குறிப்பு. அக்காலத்தில் ஒரே மகனைத் தத்துக் கொடுப்பது கூடாது என்ற கருத்து வலுவாக இருந்தது. அது செல்லும் என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது 1899இல். ஆகவே அதற்கு முன் ஒரு பையன் தத்துக்கு வந்திருந்தால், பிறந்த வீட்டில் அண்ணனோ தம்பியோ ஒருவன் இருந்தான் என்று எதிர்பார்த்துத் தேடுங்கள். மூத்தவனை வைத்துக்கொண்டு இளையவனைக் கொடுப்பதே வழக்கம். பொன்னுசாமி – முத்துராமலிங்கம் அதற்குப் பொருந்துகிறது.

வில்லங்கம்:
தத்துக்கு இன்னொரு வழி: பதிவு அலுவலகம். 1 ஜனவரி 1872க்குப் பிறகு எழுதிய தத்தெடுக்கும் அதிகாரப் பத்திரம், உயிலில் சேராதது என்றால், கட்டாயம் பதிவாக வேண்டும். இன்றைய சட்டத்தில் உயில்களும் இந்த அதிகாரப் பத்திரங்களும் 3ஆம் புத்தகம். சொத்துப் பத்திரம் 1ஆம் புத்தகம். வில்லங்கச் சான்று கேட்டால் 1ஆம் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள், 3ஐத் தனியாகக் கேட்க வேண்டும். எழுதியவர் உயிரோடு இல்லை என்றால் 3ஆம் புத்தகத்தின் நகலை யாரும் கேட்கலாம், உறவினராக இருக்க வேண்டியதில்லை. கவுண்டரில் மறுத்தால் பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவைக் குறித்து மனுவாகக் கொடுங்கள். இவ்வளவு பழையதெல்லாம் கணினியில் இருக்காது, அட்டவணைப் புத்தகத்தைக் கையால் புரட்ட வேண்டும். இராமநாதபுரத்துப் பழைய தத்துகளுக்கு இது உதவாது, எல்லாம் 1872க்கு முன். மற்ற வீடுகளுக்கு உதவும்.

1ஆம் புத்தகத்தில் பெண்களைப் பிடிக்க ஒரு வழி: தகப்பன் இறந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் வரும் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது), சீதனமாகக் கொடுத்த நிலத்தின் தானப் பத்திரம். அதில் ‘இன்னார் குமாரத்தி, இன்னார் பாரியாள்’ என்று இரண்டு பக்கமும் இருக்கும்.

ஓலைநறுக்கு:
குழந்தையில் இறந்தவர்கள் பற்றி. எழுத்துச் சான்று அரிது, ஆனால் தடயம் இருக்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை வயது வரிசையில் வையுங்கள். இடைவெளி இரண்டு மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கையில் திடீரென ஐந்தாறு வருடம் என்றால் நடுவே ஒன்று தவறியிருக்கலாம். ஒன்பது மாதத்துக்கும் குறைவான இடைவெளி என்றால் தாய் வேறு, அல்லது தேதி தப்பு. பிச்சை, குப்பு, குப்பை என்ற பெயர்கள் முந்தைய பிள்ளைகள் தக்கவில்லை என்பதற்கு அடையாளம். ‘போதும்பொண்ணு’ என்றால் மேலே அக்காமார் வரிசையாக இருக்கிறார்கள். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்ததற்கு வைப்பதும் உண்டு. அப்படி வந்தால் பெயர் ஒன்றாகவும் ஜாதக நட்சத்திரமும் வயதும் பெரும்பாலும் வேறாகவும் தெரியும், இரண்டு பேரை ஒருவராக்கிவிடாதீர்கள்.

கோயில் கட்டளைக் கணக்குகளையும் விடாதீர்கள். இன்னார் ஜன்ம நட்சத்திரத்தன்று அபிஷேகம் என்று எழுதியிருப்பார்கள். மாதம், நட்சத்திரம் கிடைக்கும், வருடம் கிடைக்காது. வருடம் வேறிடத்தில் கிடைத்துவிட்டால் தேதியே கைக்கு வந்துவிடும்.

சேதுக்கரை:
பல மனைவியர் இருந்த வீட்டில் யார் பிள்ளை யாருடையது என்பதற்கு?

தாயாதி:
மறவரில் கிளை என்ற உட்பிரிவு தாய்வழி. பிள்ளைகள் தாயின் கிளையைச் சேர்ந்தவர்கள், ஒரே கிளைக்குள் மணமில்லை. ஒரே தகப்பனின் இரண்டு மக்கள் வெவ்வேறு கிளை என்று பதிவானால் தாய் வேறு என்பது முடிந்த விஷயம். ஒரே கிளை என்றால் ஒரே தாய் என்று முடிவு கட்டக்கூடாது, சக்களத்திகள் அக்கா தங்கையாகவும் இருப்பார்கள். பெண் கொடுத்த வீடுகளையும் இதை வைத்துக் குறுக்கலாம். முறைமாப்பிள்ளை வீட்டை, அதாவது தாய்மாமன் வீட்டை, முதலில் தேடுங்கள். வழக்குப் போடாத மகள்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார்கள், மருமகளாக.

பசலி1278:
ஆவணக் காப்பகம் போகிறவர்களுக்கு ஒன்று: எழும்பூரில் ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று கேட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். அந்த மாவட்டம் உருவானதே 1910இல். 19ஆம் நூற்றாண்டுக் கோப்புகள் ‘மதுரா’ மாவட்டத்தின் கீழ். பாலவநத்தம் இன்று விருதுநகர் மாவட்டம், சிவகங்கை தனி மாவட்டம், இரண்டும் 1985இல் பிரிந்தவை, பழைய பட்டியல்களில் இந்தப் பிரிவினை கிடையாது. வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளின் ஆண்டு அட்டவணையில் ‘ராம்நாட்’, ‘வார்ட்ஸ்’ இரண்டு தலைப்பிலும் பாருங்கள், ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. முதலில் எடுக்க வேண்டிய வருடங்கள் 1830, 1847, 1873, 1889, 1903. ஆள் மாறிய வருடத்திலும் அடுத்த வருடத்திலும்தான் காகிதம் குவியும்.

சேதுக்கரை:
மரம் வரையும்போது பொன்னுசாமித் தேவரைச் சேர்ப்பதா விடுவதா?

வில்லங்கம்:
விடுங்கள். சேதுபதி மரத்தில் அவர் அந்நியர். அடிக்குறிப்பில் போதும்.

தாயாதி:
கூடாது ஐயா. அவரை விட்டால் பாஸ்கரரும் பாண்டித்துரையும் ஏன் அத்தனை நெருக்கம் என்பதே புரியாது. இரண்டு கோடு போடுங்கள்: பெற்ற உறவுக்கு முழுக்கோடு, தத்துக்குப் புள்ளிக்கோடு. முத்துராமலிங்கத்துக்கு மேலே இரண்டு கோடும் போகும், முழுக்கோடு பிறந்த வீட்டுக்கு, புள்ளிக்கோடு பர்வதவர்த்தனி நாச்சியாருக்கு. பெயரை வைத்து ஆளை அடையாளம் காட்டாதீர்கள், எண் கொடுங்கள். மூன்று முத்துராமலிங்கத்துக்கும் மூன்று எண், இரண்டு மங்களேஸ்வரிக்கும் இரண்டு எண்.

வில்லங்கம்:
எண் கொடுப்பதில் எனக்கும் சம்மதம். அப்படியானால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆவணத்தின் பெயரும் வருடமும் எழுதுங்கள், ஆளுக்கு அல்ல. ஆள் இருந்தது ஒரு சான்றில் தெரியும், அவர் இன்னாருக்குப் பிள்ளை என்பது வேறு சான்றில்தான் தெரியும். சான்று கிடைக்காத கோட்டைப் பென்சிலில் விட்டுவைத்து மரத்தைப் போடுங்கள், சிவகாமி நாச்சியார் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.